ஒப்புநோக்காத பிரதி



அச்சுத் தொழிலோடு பழகியவர்கள் ‘ஒப்புநோக்குநர்’ என்னும் சொல்லை நன்கு அறிவார்கள். மூலப் பிரதியை ஒரு புறமும், அச்சிட்ட தாளை மறு புறமும் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்துச் சரி பார்ப்பவனுக்கு அப்பெயர். அத்தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் நான். கணினி நூல் கற்றவன் அல்லன். ஆயினும் இன்று கணினியைப் பற்றியே பேச வந்திருக்கின்றேன். புதியதை விட்டுப் பழையதற்குத் திரும்புவது எப்படி, இழந்ததைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்பது எப்படி என்பதே பொருள். இதில் ஒப்புநோக்குநனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பேச்சின் முடிவில் அதற்கு விடை கிடைக்குமென நம்புகின்றேன்.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் நண்பர் ஒருவர் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகின்றார். திருமண அழைப்பிதழ், கோயில் விஞ்ஞாபனம், பாடசாலை மலர் ஆகியவற்றோடு ‘கல்வெட்டு’ அச்சிடுவதும் அவருடைய தொழில். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வழங்கப்படும் அந்த நினைவு நூலை அறியாத நேயர் இருக்க முடியாது. அழைப்பிதழ் ஒரு நாள் பிந்தினாலும் பாதகமில்லை. கல்வெட்டோ பிந்த முடியாத நூல். முப்பத்தோராம் நாள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அதே ஒழுங்கையில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் வாழ்ந்து வந்தார். 1983ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய வீடு எரிந்தபோது, அவர் பல்லாண்டு எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளும் குடும்பப் படங்களும் ஒருங்கே சாம்பலாயின. அதன் பின்னர் அவர் ஒன்றும் எழுதவில்லை. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எண்பது வயதைக் கடந்த நிலையில், திடீரென்று ஒரு மாலை அச்சகத்துக்கு வந்து, “தம்பி, நான் சொல்லுறன், நீர் அடியும்” என்றார். அன்று தொடங்கிப் பல மாலைகள் அவர் சொல்லச் சொல்ல, என் நண்பர் கணினியிலே நேரடியாக எழுத்துக் கோத்தார். பழைய வெள்ளவத்தையின் வீடுகள், கடைகள், தாம் படிப்பித்த பிள்ளைகள், அந்த ஜூலை மாதம், அதற்குப் பின் வந்த நாட்கள் என அது பதினெட்டுப் பக்கம் வரை வளர்ந்தது. கையெழுத்துப் பிரதி என்று ஒன்று இல்லை. சொன்னவர் வாயிலிருந்து கணினிக்குள்ளே போன நூல் அது.

இனிக் கணினியின் கதைக்கு வருவோம்.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருளை நம் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றன. ‘இயங்குதளம்’ என்பாரும் உளர். வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வின்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு, 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. ஆதரவு முடிந்த தளத்திலே புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை; கள்வர் நுழைய வழி உண்டாகும். ஆதலின், என் நண்பர் அந்த வாரமே அச்சகத்தின் பெரிய கணினியை வின்டோஸ் 11க்கு மாற்றினார். அவர் செய்தது தவறன்று, செய்யத்தக்கதே.

ஆனால் அவருடைய பிழைப்பு பழைய மென்பொருள் ஒன்றைச் சார்ந்திருந்தது. இலங்கைத் தமிழ் அச்சகங்களிலே பேஜ்மேக்கர் என்னும் பக்கம் ஆக்கும் செயலியும், பாமினி என்னும் எழுத்துருவும் நெடுங்காலம் கோலோச்சின. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பு வெளிவந்தது 2001ஆம் ஆண்டிலே. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில விசைகளை வரிசையாக அழுத்தி, ஓர் அரைப்புள்ளியும் இட்டால், ‘தமிழ்’ என்று திரையில் தோன்றும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகளே எஞ்சும். அவ்வகையில் கோத்த கால் நூற்றாண்டுப் பக்கங்கள் நண்பரிடம் இருந்தன. பழைய பக்கத்தைத் திறக்கப் பழைய செயலி வேண்டும். பழைய செயலி ஓடப் பழைய தளம் வேண்டும்.

தளம் மாறிய சில நாட்களில் அந்த ஆசிரியை காலமானார். கல்வெட்டிலே அவர் சொன்ன பதினெட்டுப் பக்கங்களையும் சேர்க்க வேண்டுமெனக் குடும்பத்தார் விரும்பினர். நண்பர் கோப்பைத் திறந்தார். செயலி பாதியில் நின்றது. மீண்டும் திறந்தார், மீண்டும் நின்றது. பழைய அச்சுப்பொறியும் புதிய தளத்தோடு பேச மறுத்தது. பழைய தளத்துக்கே திரும்பிவிடுவோம் என்று தீர்மானித்தார்.

இங்கே நேயர்கள் ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். வின்டோஸ் 10இன் மேல் 11ஐ ஏற்றும்போது, பழைய தளம் உடனே அழிக்கப்படுவதில்லை. தனியொரு கோப்புறையில் அது பத்து நாட்களுக்கு வைக்கப்படும். அதற்குள் மனம் மாறினால், அமைப்புப் பகுதியிற் சென்று ஓர் ஆணையால் திரும்பிவிடலாம். நம்முடைய கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து நாள் கழிந்ததும் அந்தக் கோப்புறை தானாகவே நீக்கப்படும். அதன் பின் திரும்பிப் போவதென்றால், தட்டை முற்றாகத் துடைத்து, பழைய தளத்தைப் புதிதாக நிறுவி, கோப்புகளைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்க வேண்டும். முன்னது வாடகை வீட்டிலிருந்து பழைய வீட்டுக்குத் திரும்புவது போன்றது. பின்னது வீட்டை இடித்து அதே வரைபடத்தில் மறுபடியும் கட்டுவது போன்றது.

நண்பர் திரும்ப நினைத்தது பன்னிரண்டாம் நாள்.

கணினி திருத்தும் இளைஞர் ஒருவர் வந்தார். “ஐயா, துடைச்சுப்போட்டுத்தான் போடவேணும். வெளியாலை கொப்பி இருக்குத்தானே?” என்று கேட்டார். “ஓம் தம்பி, இந்தத் தட்டிலை எல்லாம் இருக்கு” என்றார் நண்பர். கணினியோடு எப்போதும் இணைந்திருந்த வெளி வன்தட்டை அவர் காட்டினார். ஒவ்வோர் இரவும் கோப்புகளை அதிலே பிரதி செய்யும் ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டிருந்தது. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் தத்தம் தொழிலில் வல்லவர்கள். ஆயினும் அந்தத் தட்டைத் திறந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

கணினி துடைக்கப்பட்டது. பழைய தளம் ஏறியது. பேஜ்மேக்கர் முன்போல் எழுந்து நின்றது. அச்சுப்பொறி பேசியது. பின்னர் வன்தட்டைத் திறந்தார்கள். அதிலே கடைசியாகப் பிரதி செய்யப்பட்ட கோப்பின் திகதி 2025 ஏப்பிரல். தட்டு அப்போதே நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் திரையின் மூலையில் சிறியதோர் எச்சரிக்கை தோன்றி மறைந்திருக்கின்றது. இரவில் அச்சகத்திலே அதைப் படிக்க யார் இருந்தார்கள்? ஆசிரியை வந்து சொல்லத் தொடங்கியதோ அதற்குப் பிந்திய மாதங்களில். துடைத்த தட்டிலிருந்து மீட்கவும் முயன்றார்கள். புதிய தளம் அதன் மேலேயே எழுதப்பட்டுவிட்டபடியால், சில படங்கள் அன்றி வேறொன்றும் மீளவில்லை.

இது சிறிய அச்சகத்தின் கவலையீனம் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவதற்கு நமக்கு உரிமையில்லை. இதே கொழும்பிலே, இதனினும் பன்மடங்கு பெரிய அளவில், இதுவே நடந்திருக்கின்றது.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, அரசாங்கத் திணைக்களங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கியிருந்த ‘இலங்கை அரசாங்க முகில்’ என்னும் கணினித் தொகுதி தாக்கப்பட்டது தெரியவந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் கப்பம் கேட்கும் தீநிரல் அது. ஏறக்குறைய ஐயாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். தொகுதியைப் பராமரித்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தார், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதனை மீண்டும் இயங்கச் செய்தனர். அது பாராட்டுக்குரியதே. ஆனால் மே 17ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல்களுக்கு மீட்கக்கூடிய பிரதி இல்லை. இணைந்திருந்த காப்புத் தொகுதியும் தாக்குதலிலே பூட்டப்பட்டுவிட்டது. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து மீளவில்லை.

அந்த மின்னஞ்சல் தொகுதியில் இயங்கிய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்பிரல் 11ஆம் திகதி முடிவடைந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் முன்பே இருந்தும், நிதித் தட்டுப்பாடு முதலிய காரணங்களால் அது தள்ளிப்போயிற்று. ஆக, என் நண்பர் புதியதற்கு மாறியதால் இடர்ப்பட்டார். அரசாங்கமோ புதியதற்கு மாறாமையால் இடர்ப்பட்டது. மாறினாலும் இடர், மாறாவிட்டாலும் இடர் என்றால், வேற்றுமை எங்கே இருக்கின்றது? மாற்றத்தில் அன்று, நேயர்களே, பிரதியிலே இருக்கின்றது.

தொழில்நுட்பத்தில் முன்னின்ற நாடுகளில் இவ்வாறு நேராது என்று எண்ணுதலும் பிழை. கிட்லாப் என்பது உலகெங்குமுள்ள மென்பொருள் ஆக்குநரின் நிரல்களைச் சேமித்துப் பேணும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, அங்குள்ள ஊழியர் ஒருவர் ஒரு கணினியில் இட வேண்டிய அழிப்புக் கட்டளையை மற்றொன்றில் இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு கண்ணிமைப்பொழுதில் மறைந்தது. அந்நிறுவனத்திடம் ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட வேளையில் ஐந்தில் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த பிரதி, இரு மென்பொருட் பதிப்புகள் ஒவ்வாமையால் எடுக்கப்படவேயில்லை. தவறிவிட்டது என்று அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரியவர்களைச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்னர், வேறொரு வேலைக்காக ஓர் ஊழியர் தற்செயலாக எடுத்து வைத்த பிரதியே அவர்களைக் காத்தது. நடந்ததை மறைக்காது, உலகறிய அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையினால்தான் இன்று நாம் அதிலிருந்து பாடம் படிக்க முடிகின்றது.

நம் முன்னோர் இந்த உண்மையை ஏட்டுச் சுவடியிலே கற்றிருந்தனர். பனையோலைக்கு ஆயுள் உண்டு. கறையானுக்கும் ஈரத்துக்கும் அது இரையாகும். எனவே தலைமுறைக்குத் தலைமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். எழுதியதோடு விடவில்லை; ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துத் திருத்தும் வழக்கமும் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கியே அத்தகைய பதிப்புகள் உருவாயின. ஓர் ஊரின் ஏடு செல்லரித்தாலும் மற்றோர் ஊரின் ஏடு எஞ்சியிருந்தது. பல இடங்களிற் பிரதி இருந்தமையாலேயே சங்க நூல்கள் நம் கைக்கு எட்டின.

மறுபுறத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாக அங்கிருந்த சுவடிகளை எவராலும் சேர்க்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாக மின்வடிவிலே பேணி வருவதன் அருமை, இதனை எண்ணும்போதுதான் முழுதும் விளங்குகின்றது.

இனி, வீட்டிலும் கடையிலும் பாடசாலையிலும் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் இருக்கட்டும். பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய இந்த விதியை இன்று உலகெங்கும் கைக்கொள்கின்றனர். கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் வன்தட்டு, கணினிக்கு வரும் கேட்டிலே பங்கு கொள்ளும். மின்னல் இறங்கினாலும், தீநிரல் புகுந்தாலும், இரண்டும் ஒன்றாகவே போகும். பிரதி எடுத்தபின் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, திரும்பிப் போகும் எண்ணம் வந்தால், துடைக்குமுன் பிரதியைத் திறந்து பாருங்கள். பெயரைப் பார்த்தால் போதாது, திகதியைப் பாருங்கள். திகதியைப் பார்த்தாலும் போதாது. ஒரு கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். துடைக்கப் போகும் தட்டில் உள்ளதை முழுவதுமாக வேறொரு தட்டுக்கு மாற்றிய பின்னரே துடையுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் செல்லலாம். என் நண்பர் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தார்.

மூன்றாவது, பழைய தளத்திலேயே தொழில் செய்ய வேண்டியிருப்பின், அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கி அலுவலுக்கும் வேறொன்றைப் பயன்படுத்துங்கள். 2017 மே மாதம் ‘வன்னாக்ரை’ என்னும் கப்பத் தீநிரல் பல நாடுகளில் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளின் பணிகளையும் குலைத்தது. ஓட்டை அடைக்கப்படாத கணினிகளே அதற்கு இரையாயின. அதோடு, பாமினியில் உள்ள பழைய பக்கங்களைச் சிறிது சிறிதாக ஒருங்குறி எழுத்துக்கு மாற்றி வாருங்கள். எந்தத் தளத்திலும் படிக்கக்கூடிய எழுத்தில் இருப்பதற்கு, பின்னோக்கிப் போகும் தேவையே எழாது.

நேயர்களே, அந்தக் கல்வெட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

ஆசிரியை உயிரோடிருந்தபோது, முதல் ஏழு பக்கங்கள் முடிந்ததும், “ஒருக்கா அடிச்சுத் தாரும் தம்பி, பிழை பார்க்க வேணும்” என்று கேட்டு வாங்கிப் போயிருக்கின்றார். அந்தத் தாள்கள் அவருடைய அலுமாரியிலே, மூக்குக் கண்ணாடிக் கூட்டின் கீழ் இருந்தன. சிவப்பு மையினாற் பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. வேறொரு வீட்டில், வேறொரு சாதனத்தில், எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கப்பட்ட பிரதி! அச்சகத்திலே இருந்த ஏற்பாடுகள் யாவும் கைவிட்டபோது, எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டியின் பழக்கம் ஏழு பக்கத்தைக் காத்தது. நண்பர் இரண்டிரவு கண் விழித்து அதனை மீண்டும் கோத்தார். நான் ஒப்புநோக்கினேன். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வெளிவந்தது. எஞ்சிய பதினொரு பக்கத்தில் அந்த ஜூலை மாதமும் அதற்குப் பின் வந்த நாட்களும் இருந்தன. அவற்றைச் சொல்ல அவர் இல்லை.

அதன் பின் நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். மாதந்தோறும் போயா விடுமுறை நாளில் அவர் வெள்ளவத்தையிலிருந்து ஒரு வன்தட்டுடன் என் வீட்டுக்கு வருவார்; முன்மாதம் தந்ததைத் திரும்ப எடுத்துச் செல்வார். ஆனால் தட்டைத் தந்தவுடன் அவர் புறப்படுவதில்லை. தேநீர் ஆறும்வரை இருவரும் அமர்ந்து, என் கணினியிலே அதைத் திறந்து, ஏதேனும் ஒரு கோப்பை எடுத்து, அவர் வாசிக்க நான் பார்க்கின்றேன். ஒப்புநோக்குநனுக்கு இதில் என்ன வேலை என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே என் விடை.

உங்கள் வீட்டிலும் எங்கோ ஒரு தட்டிலே, ஒரு கைத்தொலைபேசியிலே, இனிச் சொல்ல இயலாத ஒருவரின் குரலோ எழுத்தோ இருக்கக்கூடும். இன்றிரவே அதைத் திறந்து பாருங்கள்.